கழித்த எடை யார் கணக்கில்?

எடை விஷயத்தில் நமக்கு இரண்டு மனசு.

வானகரம் மீன் மார்க்கெட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் போய் நின்று பாருங்கள். வஞ்சிரம் தராசில் ஏறியதும் விற்பவர், வாங்குபவர் இருவர் கண்ணும் அந்த எண்ணின் மேலேயே இருக்கும். 'இன்னும் கொஞ்சம் போடும்மா' என்று ஒரு கெஞ்சல். 'கட்டாது சார்' என்று ஒரு மறுப்பு. ஐம்பது கிராமுக்கு அத்தனை போராட்டம். அதே ஆசாமி வீட்டுக்கு வந்ததும் பையனின் ஸ்கூல் பையைத் தூக்கிப் பார்த்து 'என்னடா இது, அரிசி மூட்டை மாதிரி' என்பார். காஸ் சிலிண்டரை நகர்த்தும்போது இடுப்பைப் பிடித்துக்கொள்வார். எடை மெஷினில் ஏறி நின்றால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்.

மீன், தங்கம், சம்பளம் எல்லாம் கனமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் லேசாக இருக்க வேண்டும்.

நம் பாஷையிலேயே இந்தக் குழப்பம் உண்டு. 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்றால் மரியாதை. 'தலைக்கனம்' என்றால் திட்டு. 'அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை' என்றால் பாராட்டு. 'மனசு லேசாச்சு' என்றால் நிம்மதி.

ஆனால் கடையில் போய்ப் பார்த்தால் குழப்பமே கிடையாது. அங்கே லேசானது ஜெயித்து ரொம்ப நாளாகிவிட்டது. பெட்டி மாதிரி மேஜையை அடைத்துக்கொண்டிருந்த டி.வி., இப்போது காலண்டர் மாதிரி சுவரில் தொங்குகிறது. சூட்கேஸை விற்பவர் முதலில் ஒரு விரலால் தூக்கிக் காட்டுகிறார். லேசானது என்றால் நல்லது, நவீனமானது, விலை கூடியது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

என்னைக் கேட்க வைத்தவன் எங்கள் தெருப் பையன். துபாயில் இன்ஜினீயர். லீவில் வந்திருந்தான். "அங்கிள், நீங்க பி.காம். படிச்சவர்தானே? ஒரு கணக்கு சொல்லுங்க. என் ஜெட் ஸ்கிக்கு லைட் வெயிட் ஹல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். போடற காசுக்குத் தகுமா?"

வானகரத்தில் தண்ணீர் என்றால் ஒன்று லாரியில் வருவது, இல்லாவிட்டால் கூவத்தில் போவது. இரண்டிலும் ஜெட் ஸ்கி ஓட்ட முடியாது. அதனால் முதலில் அது என்ன என்று அவனிடமே பாடம் கேட்டுக்கொண்டேன்.

ஜெட் ஸ்கி என்றால் முட்டுக்காடு பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறார்களே, அந்த வாட்டர் ஸ்கூட்டர்தான் நம் ஞாபகத்துக்கு வரும். இவனுடையது வேறு ரகம். சீட்டே கிடையாது. பின்பக்கம் தொட்டி மாதிரி ஒரு பள்ளம். அதில் நின்றுகொண்டு, மூக்குப் பக்கத்திலிருந்து நீண்டு வரும் ஒரு தண்டின் நுனியில் இருக்கிற ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்ட வேண்டும். அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும். அந்த உதையில் முன்னால் பாயும். நின்றால் சாய்ந்துவிடும். சைக்கிள் மாதிரி, ஓடினால்தான் நிற்கும். கிளேட்டன் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர் 1960-களில் யோசித்துச் செய்த யந்திரம் இது. கவாஸாகி கம்பெனி 1973-ல் 'ஜெட் ஸ்கி' என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது.

இதிலும் எடைதான் கதை. யமஹாவின் பழைய டூ ஸ்ட்ரோக் சூப்பர்ஜெட் ஏறக்குறைய 140 கிலோ. புகை குறைய வேண்டும் என்று ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறி 2021-ல் வந்த சூப்பர்ஜெட் சுமார் 170 கிலோ. கவாஸாகி 2017-ல் விட்ட 1,500 சி.சி. வண்டியோ 250 கிலோ. ஓட்டுகிற ஆளைப் போல மூன்று மடங்கு. நேராகச் சீறிக்கொண்டு போக அது நல்ல வண்டி. ஆனால் அலை மேல் ஏறி அந்தரத்தில் ஒரு குட்டிக்கரணம் போட ஆசைப்படுகிறவனுக்கு 250 கிலோ என்பது யானையைத் தூக்கிக்கொண்டு பல்டி அடிக்கிற மாதிரி.

அதனால் அந்த உலகத்தில் ஒரு பழக்கம். பழைய வண்டியிலிருந்து இன்ஜின், பம்ப், ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். வண்டி செய்த கம்பெனி இல்லாமல், வேறு பட்டறைக்காரர்கள் கார்பன் ஃபைபரில் செய்து விற்கும் லேசான கூட்டில் அவற்றை மாட்டிக்கொள்கிறார்கள். அந்தக் கூடுதான் ஹல். இன்ஜின் பழசு, உடம்பு புதுசு.

"இதுல என்ன தம்பி குழப்பம்? காசு இருந்தா வாங்கு" என்றேன்.

"குழப்பம் அதில்லை அங்கிள். ஒருத்தர் கிளாஸ் ஃபைபர்ல செஞ்சு கொஞ்சம் கனமா தர்றார். இன்னொருத்தர் முழுக்கக் கார்பன். மூணாவது ஆள் அதையும் விட அஞ்சு கிலோ குறைச்சுத் தர்றேங்கறார். அந்த அஞ்சு கிலோவை எங்கேர்ந்து எடுக்கறார்னுதான் தெரியலை."

பையன் இன்ஜினீயராக இருந்தாலும் கேட்டது சுத்தமான அக்கவுண்டன்ஸி கேள்வி. பி.காம். முதல் வருஷத்தில் மண்டையில் ஆணி அடித்து இறக்குவார்கள்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. லூக்கா பச்சோலி என்கிற இத்தாலியத் துறவி 1494-ல் அச்சுப் புத்தகத்தில் எழுதிவைத்த இரட்டைப் பதிவு முறை. ஒரு பக்கம் ஒரு தொகை குறைந்தால், இன்னொரு பக்கம் ஏதாவது ஒரு பெயரில் அது ஏறியிருக்கத்தான் வேண்டும். ஏறவில்லை என்றால் யாரோ கணக்கை மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

எடைக்கும் இதே சட்டம்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரு பொருளிலிருந்து எடையைக் கழித்தால் அது காற்றில் கரைந்துவிடுவதில்லை. மூன்று கணக்குகளில் ஏதோ ஒன்றில் போய் உட்காருகிறது.

முதலாவது, பணக் கணக்கு. கிளாஸ் ஃபைபருக்குப் பதில் கார்பன், சாதா ரெசினுக்குப் பதில் எபாக்ஸி, அவசர வேலைக்குப் பதில் பொறுமையான கைவேலை. எடை குறைகிறது, பில் ஏறுகிறது. நேர்மையான வியாபாரம்.

இரண்டாவது, திறமைக் கணக்கு. கனமான வண்டி சின்னச் சின்ன அலையை மிதித்துக்கொண்டு போகும். ஓட்டுகிறவரின் தப்பை மன்னிக்கும். லேசான வண்டி ஒவ்வொரு அலையையும் எதிரொலிக்கும். மன்னிக்காது. வண்டியில் குறைந்த எடையை, ஓட்டுகிறவர் தன் முழங்காலிலும் பயிற்சியிலும் சுமக்கிறார். இதுவும் நியாயம்தான்.

மூன்றாவது, ஆபத்துக் கணக்கு. துணி அடுக்கில் ஒன்றைக் குறைத்துவிடுவது. இன்ஜின் உட்காரும் இடத்தில், கால் ஊன்றும் இடத்தில், உயரத்திலிருந்து விழும்போது தண்ணீர் அறைகிற அடிப்பாகத்தில் போட வேண்டிய கூடுதல் அடுக்கைப் போடாமல் விடுவது. தராசில் ஐந்து கிலோ குறையும். பில் ஏறாது. திறமையும் தேவையில்லை. பின்னே எங்கே போயிற்று? விரிசல் விடப்போகிற அந்த ஒரு நாளின் கணக்கில் போயிருக்கிறது.

ஃபைபர் வேலை செய்யும் பட்டறைகள் நம் அம்பத்தூர்ப் பக்கம் உண்டு. அச்சில் முதலில் பளபளப்புக்கு ஒரு பூச்சு. அதன் மேல் கண்ணாடி இழைத் துணி. ரெசின். மறுபடி துணி. மறுபடி ரெசின். நம் வீட்டு சப்பாத்தி மாவுக்கு எண்ணெய் தடவி மடிக்கிற மாதிரி அடுக்கடுக்காக. சதுர மீட்டருக்கு 300 கிராம், 450 கிராம் என்று துணிக்கும் எடைக் கணக்கு உண்டு. எத்தனை அடுக்கு என்பதுதான் பலம். ஆனால் அச்சிலிருந்து எடுத்துப் பெயின்ட் அடித்துவிட்டால் நாலு அடுக்கும் ஆறு அடுக்கும் பார்வைக்கு ஒன்றுதான். ஒரு மேஸ்திரி என்னிடம் சொன்னார்: "உள்ளே என்ன இருக்குன்னு அடிக்கிறவனுக்குத்தான் சார் தெரியும். வாங்குறவரு பளபளப்பைத்தான் பார்ப்பாரு." நாணயத்தால் தட்டிப் பார்த்தால் காற்றுப் புகுந்த இடம் பொத்தென்று சத்தம் காட்டும் என்று ஒரு உபாயமும் சொன்னார். காற்றைக் காட்டிக்கொடுக்கும், குறைந்த அடுக்கைக் காட்டிக்கொடுக்காது.

எனவே நல்ல லேசு, கெட்ட லேசு என்று இரண்டு உண்டு. வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கும் எடையை எடுப்பது நல்ல லேசு. கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்துகொண்டிருக்கும் எடையை எடுப்பது கெட்ட லேசு. கஷ்டம் என்னவென்றால் தராசுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "மூணு பேர்கிட்டயும் ஒரே கேள்வி கேளு. எந்த இடத்துல எத்தனை அடுக்குன்னு எழுதித் தருவீங்களா? எழுதித் தர்றவர்கிட்ட வாங்கு. அவர் கூடு ரெண்டு கிலோ கூடுதலா இருந்தாலும் பரவாயில்லை." தலையாட்டிவிட்டுப் போனான். அவன் விவகாரம் அத்தோடு முடிந்தது. என் விவகாரம் அங்கேதான் ஆரம்பித்தது.

அவனுக்குக் கேட்க முடிந்தது. பணம் அவனுடையது, உயிர் அவனுடையது, விளையாட்டும் அவனுடையது. தேர்ந்தெடுப்பவனும் ஏறிப் போகிறவனும் ஒரே ஆள். இது எல்லோருக்கும் வாய்க்கிறதா?

வானகரம் மார்க்கெட்டுக்கு வரும் மீனில் ஒரு பங்கு, கரையோரத்தில் ஃபைபர் படகில் போகிறவர்கள் பிடிப்பது. அதே கண்ணாடி இழை, அதே ரெசின், அதே அடுக்கு. ஆனால் அவர்களுக்கு இது விளையாட்டு இல்லை.

ஒரு காலத்தில் அவர்களிடம் இருந்தது கட்டுமரம். இங்கிலீஷ்காரனே நம்மிடம் கடன் வாங்கி 'கேட்டமரான்' என்று வைத்துக்கொண்டான். அப்புறம் இரண்டு கூடு சேர்ந்த வேறு ஏதோ படகுக்கு அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டான். நம் கட்டுமரத்துக்குக் கூடே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. தண்ணீர் மேலே ஏறும், இடுக்கு வழியாக இறங்கும். கவிழலாம், மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள். என்ன மரம், எத்தனை மரம், எந்தக் கட்டு எல்லாம் ஏறிப் போகிறவர் கண் முன்னாலேயே இருந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஃபைபர் படகு வந்தது நல்லதுக்குத்தான். மோட்டார் மாட்டலாம், தூரம் போகலாம், அதிக வலை ஏற்றலாம், உட்கார இடம் உண்டு. லேசாக இருப்பதும் அங்கே சொகுசு இல்லை. துறைமுகம் இல்லாத குப்பத்தில் படகை மணலில் இழுத்து ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு கிலோவும் ஒவ்வொருவர் முதுகில் ஏறும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத அடுக்கு என்கிற சமாசாரமும் அத்தோடு வந்து சேர்ந்தது.

2004 டிசம்பர் 26. சுனாமியில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். கட்டுமரங்களும் படகுகளும் ஆயிரக்கணக்கில் நொறுங்கின. உலகம் முழுவதிலிருந்தும் உதவி வந்தது. கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஃபைபர் படகுகள் வேகவேகமாகச் செய்யப்பட்டன. கட்டுமரம் வைத்திருந்த பலருக்கு ஃபைபர் படகு கிடைத்தது. கொடுத்தவர்களின் மனசில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரத்தில் செய்த படகுகளில் சிலவற்றின் தரம் பற்றிக் கேள்விகள் எழுந்தன. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமே கவலை தெரிவித்தது.

இங்கே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பணம் கொடுத்தவர் எங்கோ வெளியூரில். ஆர்டர் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். அடுக்கு போட்டது ஒரு பட்டறை. ஏறிப் போனவர் மீனவர். நாலு பேர். அந்த நாலு பேரில் உள்ளே எத்தனை அடுக்கு என்று கேட்கும் இடத்தில் இல்லாதவர், கடலுக்குப் போகிற ஒருவர் மட்டும்தான். இலவசமாக வந்த படகைத் தட்டிப் பார்த்தால் 'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான்' என்று பேச்சு வரும். அந்தப் பழமொழி மாட்டுக்குச் சரியாக இருக்கலாம். மாடு பாதி வழியில் மூழ்காது.

பணமில்லாதவருக்குத்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். வானகரத்திலிருந்து அதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேராக மேற்கே போனால் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் வரும். அங்கே கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டால் காலின் சாப்மன் பெயரைச் சொல்வார்கள். லோட்டஸ் கார்களைப் படைத்த இங்கிலீஷ்காரர். வேகம் வேண்டுமென்றால் இன்ஜினைப் பெரிதாக்காதே, எடையைக் குறை என்பது அவருடைய வேதம். அவர் காரில் ஓட்டியவர் யோஹென் ரிண்ட். 1969-ல் ஸ்பெயினில் ஓடிக்கொண்டிருக்கும்போதே காரின் பின்பக்க இறக்கை முறிந்து பெரிய விபத்து. பிழைத்துக்கொண்ட ரிண்ட், சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாராம்சம் இதுதான்: உங்கள் கார் இருக்கிற வேகத்துக்கு, பலவீனமான பாகங்களைக் கெட்டிப்படுத்த இன்னும் சில பவுண்டு சேர்த்தாலும் நாம் பின்தங்கிவிட மாட்டோம்.

1970 செப்டம்பர் 5. இத்தாலியில் மோன்ஸா. நேர்கோட்டு வேகத்துக்காக இறக்கைகளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது என்று முடிவு. ரிண்டுக்கு அதில் சம்மதம், அவரே விரும்பியதுதான். அதே அணியில் இன்னொருவர், ஜான் மைல்ஸ். இறக்கை இல்லாமல் வண்டி நேராகவே ஓடவில்லை என்றார். இல்லாமல்தான் ஓட்ட வேண்டும் என்றார் சாப்மன். ஒரே ஷெட், ஒரே மாடல் கார், ஒரே எடைக் குறைப்பு. ஒருவர் தானாகக் கழற்றினார். இன்னொருவருக்குக் கழற்றச் சொல்லி உத்தரவு. இரண்டும் ஒன்றா?

அன்று பயிற்சி ஓட்டத்தில் ரிண்டின் காரில், முன் சக்கரத்தையும் பிரேக்கையும் இணைக்கிற தண்டு உடைந்தது. பாதை ஓரத் தடுப்பும் சரியாக அமைக்கப்பட்டிருக்கவில்லை. தீப்பிடித்தால் சட்டென்று வெளியே வர வேண்டும் என்று, பெல்ட்டின் ஒரு பகுதியை அவர் மாட்டிக்கொள்ளாமல் விடுவது வழக்கம். அதுவும் சேர்ந்துகொண்டது. இறந்துபோனார். அந்த வருஷ உலக சாம்பியன் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்கே வந்தது. பெல்ட் அவர் முடிவு. இறக்கை இருவரும் ஒத்துக்கொண்ட முடிவு. அந்தத் தண்டு மட்டும் அவர் கையில் இல்லாத முடிவு. அதைப் பற்றித்தான் அவர் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார் என்றே சொல்லலாம்: பலவீனமான பாகம், சில பவுண்டு.

சரி, தானே தேர்ந்தெடுத்துத் தானே ஏறிப் போனால் யாரும் கேட்கக் கூடாதா? 'என் உயிர், என் இஷ்டம்' என்பது செல்லுமா? ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ல் எழுதிய புத்தகத்தில் ஏறக்குறைய அப்படித்தான் வாதாடினார். ஒருவரைக் கட்டாயப்படுத்த நியாயமான காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவரால் அடுத்தவருக்குக் கேடு வராமல் தடுப்பது. அவருடைய சொந்த நன்மை போதுமான காரணம் ஆகாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஹெல்மெட்டை நினைத்துப் பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி ஏதோ. வெளியே பெயின்ட். கையில் எடுத்தால் தேங்காய் ஓடு. போலீஸ்காரருக்குக் காட்டப் போதும். 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத இரு சக்கர ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். விற்கிறவரைச் சட்டம் பார்த்துக்கொள்ளட்டும். வாங்குகிறவர் 'லேசா இருக்கு, கழுத்து வலிக்காது' என்கிறார். அவர் தலை, அவர் கழுத்து. மில் சொன்னபடி அவர் இஷ்டம்.

ஆனால் அவர் விழுந்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரப் போவது அவர் மனைவி. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்படப் போவது அவர் மகள். தனியாக ஏறிப் போகிறவர் என்று நம் ஊரில் யாரும் கிடையாது. ஒவ்வொரு பைக்கின் பின்சீட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இதற்காக எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிப் போனால் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அந்த நாலு பேரையும் கணக்கில் எழுதிவிட்டு முடிவெடுக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

இதெல்லாம் புதுக் கவலை இல்லை. ஏறக்குறைய 3,750 வருஷங்களுக்கு முன் பாபிலோனில் ஹமுராபி என்ற அரசர் கல்லில் வெட்டிவைத்த சட்டங்களில் படகு கட்டுகிறவருக்கும் ஒன்று உண்டு. கட்டிய படகு ஒரு வருஷத்துக்குள் பழுது காட்டினால், கட்டியவர் தன் சொந்தச் செலவில் பிரித்துக் கெட்டியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். ஒரே வரியில் எடையை அதை எடுத்தவர் கணக்குக்கே திருப்பி எழுதிவிட்டார்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு இங்கிலாந்தில் இதற்கு நேர்மாறான பிரச்னை. அங்கே எடையை ஏற்றினார்கள். கப்பல் முதலாளிகள் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, தாராளமாக இன்ஷூரன்ஸும் எடுத்தார்கள். கப்பல் போனால் பணம் வரும். மாலுமிகள் போனால் போனதுதான். சாமுவேல் பிளிம்சால் என்ற எம்.பி. பார்லிமென்டில் கத்திக் கூச்சல் போட்டு, கப்பலின் பக்கத்தில் ஒரு கோடு போடச் சட்டம் கொண்டுவர வைத்தார். 1876-ல் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளி இஷ்டத்துக்கே விட்டுவிட்டார்கள்! அதைச் சட்டமே நிர்ணயிக்க 1890 ஆயிற்று. கோடு போட்டால் மட்டும் போதாது, அதைப் போடுகிறவர் கப்பலில் ஏறாதவராக இருந்தால் அது எங்கே நிற்கும் என்பதற்கு அந்தப் பதினாலு வருஷம் சாட்சி.

கூட்டுவதோ, கழிப்பதோ, கேள்வி மாறவில்லை. முடிவு செய்தவர் யார்? ஏறிப் போகிறவர் யார்? ஏறிப் போகிறவருக்கு உள்ளே பார்க்கவும் வேண்டாம் என்று சொல்லவும் வழி இருந்ததா? மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால் தாராளமாக எடையைக் குறைக்கலாம். வேறு வேறு பெயர் வந்தால், கழிப்பதற்கு முன்னால் அந்த இன்னொருவரைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் கழித்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயர் இல்லை. வேறு பெயர் உண்டு. பத்திரிகையில் எழுத வேண்டாம்.

நமக்கு ஜெட் ஸ்கி கிடையாது, படகும் கிடையாது, எனவே நமக்கு இதில் சம்பந்தமில்லை என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வானகரத்தைச் சுற்றி எத்தனை அடுக்குமாடி. அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெனரல் பாடி மீட்டிங். மெயின்டனன்ஸ் அதிகமாக இருக்கிறது, 'கொஞ்சம் லைட் ஆக்கணும்' என்று ஒருவர் எழுந்து சொல்கிறார். கைதட்டல். வாட்ச்மேன் மூன்று பேர் இருக்கிறார்கள், இரண்டு பேர் போதும் என்று தீர்மானம். 24 மணி நேரத்தை மூன்று பேர் பார்த்தால் ஆளுக்கு 8. இரண்டு பேர் பார்த்தால் ஆளுக்கு 12. கேட் என்னவோ முன்பு போலத்தான் திறந்து மூடும். ஒவ்வொரு வீட்டுக்கும் மாசம் ஏதோ நூறு இருநூறு ரூபாய் லேசாகும். அந்த நாலு மணி நேரம் எங்கே போயிற்று? இரண்டு வயசான மனிதர்களின் முழங்காலில் போய் ஏறியிருக்கிறது. தீர்மானத்துக்குக் கை தூக்கிய அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த ஸ்டூலில் உட்காரப் போவதில்லை.

பத்து நிமிஷத்தில் வீட்டு வாசலுக்கு வரும் மளிகையும் அப்படித்தான். நம் கையிலிருந்த பை லேசாயிற்று. அதே பை, சதுரப் பெட்டியாக மாறி ஒரு பையனின் முதுகில் மதுரவாயல் சிக்னலில் நிற்கிறது. பத்து நிமிஷத்தை முடிவு செய்தது அவன் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளையிலிருந்து நாம் மூட்டை தூக்கப் போவதில்லை. லேசானது வேண்டும் என்பது கெட்ட ஆசையும் இல்லை. கட்டுமரத்தை இழுத்து இழுத்து முதுகு போனவருக்கு அது நியாயமான ஆசை. நான் சொல்வது ஒரு சின்ன அக்கவுண்டன்ஸி வேலைதான். ஏதாவது ஒன்று திடீரென்று நமக்கு லேசாகும்போது, பேரேட்டின் மறுபக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே 'பணம்' என்று இருந்தால் கொடுத்துவிடலாம். 'என் உழைப்பு' என்று இருந்தால் செய்துவிடலாம். ஒரு மனிதரின் பெயர் இருந்தால், அடுத்த ஜெனரல் பாடி மீட்டிங்குக்கு அவரையும் கூப்பிட்டு, ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, 'நீங்க என்ன சொல்றீங்க?' என்று கேட்கலாம்.